பதினேழு பி

அன்புள்ள ஐயா,

பண்ருட்டி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பதவி உயர்வு வந்து எட்டு மாதம் ஆகிறது. சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர் சத்துணவு வரிசையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரையும் ஒரு வாரம் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஒருவனின் அம்மா வந்து, "இது எந்த ரூல்ல இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

புதுச்சேரியில் இருக்கும் என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் படித்தவள். அங்கே பள்ளிச் சட்டத்தை மட்டுமே நடத்தும் கல்வியியல் பேராசிரியர்கள் உண்டு என்கிறாள். உண்மையா? இந்த வயதில் நானும் அதைப் படிக்கலாமா? சட்டம் சட்டம் என்று பேசித்தான் பிள்ளைகளுக்குப் பயமே விட்டுப்போயிற்று என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தங்கை சொன்னது உண்மைதான். அங்கே பல மாநிலங்களில் பள்ளி முதல்வர் ஆக உரிமம் வேண்டும். அதற்கான படிப்பில் பள்ளிச் சட்டமும் ஒரு பாடம். அதை நடத்துகிறவர்களில் பலர் முதலில் வகுப்பில் நின்றவர்கள். அப்புறம் ஒரு பள்ளியை நடத்தி, சிலர் ஒரு வட்டாரத்துப் பள்ளிகளையே நிர்வகித்துவிட்டு, கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் எட்டு மாதமும் படிப்பில் சேர்த்திதான்.

சத்துணவு வரிசை என்றதும் எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. 1971, ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கலாட்டா. டுவைட் லோபஸ் என்ற மாணவனோடு குறைந்தது இன்னும் 75 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எதையும் உடைக்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன் என்றான் அவன். அதைக் காதில் வாங்க ஆளில்லை. 1975-ல் 'கோஸ் எதிர் லோபஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான்: பத்து நாளோ அதற்குக் குறைவாகவோ அனுப்புவதானாலும் என்ன குற்றம் என்று அவனிடம் சொல், மறுத்தால் ஆதாரத்தைச் சொல், அவன் தரப்பைக் கேள். வக்கீல் வேண்டாம். வராந்தாவில் நின்றபடியே பேசி முடித்துவிடலாம்.

வெளிநாட்டுத் தீர்ப்பு என்பதற்காகக் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. இரண்டே வருடத்தில், 1977-ல், ஃபுளோரிடாவில் ஒரு பையனை மேசைமேல் குனியவைத்துப் பலகையால் இருபது அடிக்கு மேல் அடித்த வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அடிப்பதற்கு முன்னால் விசாரணை தேவையில்லை என்று தீர்ப்பு. வீட்டுக்கு அனுப்புவதற்குக் கேள்வி உண்டு, அடிப்பதற்குக் கிடையாது! நம் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் இதில் எவ்வளவோ தெளிவு. 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒன்றாகவே தடுத்துவிட்டது.

17 என்றால் நம் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது வேறு: 17பி, அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ. அந்த மெமோ கைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? குற்றச்சாட்டை எழுத்தில் கொடு, விளக்கம் எழுத அவகாசம் கொடு, விசாரணை அலுவலரைப் போடு என்போம். சங்கத்துக்கு ஃபோன் போகும். விளக்கமே கேட்காமல் தண்டனை ஆணை போட்டால் அது கோர்ட்டில் நிற்காது என்பது நமக்கு மனப்பாடம். நமக்கு இத்தனையும் வேண்டும் என்கிற நாம், எட்டாம் வகுப்புப் பையன் "மிஸ், நான் இல்ல" என்று ஆரம்பித்தால் வாயை மூடு என்கிறோம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் கைநீட்டியது யார் என்று அதில் இல்லை.

உங்களைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. 2011 ஜூனில் கடலூரில் ஒரு பள்ளியில் நான் பொறுப்புத் தலைமையாசிரியர். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய பள்ளியில் ஃபீஸ் பாக்கி, டி.சி. தரவில்லை. "டி.சி. வாங்கிட்டு வாங்க, சேர்த்துக்கிறேன்" என்று அனுப்பினேன். அந்தப் பெண் புது நோட்டுக்கு அட்டை போட்டு, லேபிளில் எங்கள் பள்ளிப் பெயரையே எழுதி வைத்திருந்தாள். பதினொரு நாள் கழித்து, கடன் வாங்கிப் பாக்கியைக் கட்டிவிட்டு வந்தார்கள். டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. 2010 ஏப்ரல் முதலே அமலில் இருந்தது. நகல் என் மேசை இழுப்பறையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் கிடந்தது.

உங்களிடம் அந்த அம்மா கேட்ட ரூல் அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது. ஒரு வாரம் வராதே என்பது வெளியேற்றமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீங்கள் அதை இனி செய்யாதீர்கள். பயம் விட்டுப்போனது பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. நான் படித்த காலத்தில் பயம் நிறைய இருந்தது, கணக்கு வரவில்லை.

தாராளமாகப் படியுங்கள். கல்வி நிர்வாகத்தில் ஆய்வு செய்யலாம். பள்ளித் தலைமைக்கென்றே டெல்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனத்தில் ஒரு மையம் இருக்கிறது. தலைப்புக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரிக்குத் தனிப் பள்ளிக் கல்விச் சட்டம், 1987-ஆம் ஆண்டுடையது. கல்வி உரிமைச் சட்டம் மட்டும் இரு பக்கமும் ஒன்றே. ஒரே பஸ் ரூட்டில் இரண்டு நிர்வாகம். அதை ஒப்பிட்டு எழுதினாலே ஆய்வேடு தேறும்.

அதற்கு முன் ஒரு வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அடுத்த முறை குழு அமைக்கும்போது அந்த அம்மாவை நிற்கச் சொல்லிப் பாருங்கள். ரூல் கேட்கத் தெரிந்தவர்.