கெண்டைக்கால் தசையைத் தளர்த்தும் சத்திரசிகிச்சை செய்தால் பிள்ளை நன்றாக நடப்பானா?

மூதூரிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு,

பெருமூளை வாதமுள்ள (மூளைப் பாதிப்பால் தசைகள் இறுகும் நிலை) உங்கள் 5 வயது மகன் இரண்டு கால்களிலும் நுனிவிரலில் நடக்கிறான், சத்திரசிகிச்சை செய்தால் குதிகால் ஊன்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஊன்றும். ஆனால் நீங்கள் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது முழங்காலைப் பற்றி.

நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். என் மகளுக்கும் இரண்டு கால்களும்தான். 8 வயதில் செய்தோம்.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உண்டு. வெளியே இருக்கும் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. உள்ளே இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே. இரண்டும் குதிகால் நாணில் சேர்கின்றன. பிள்ளையைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கியும் நீட்டியும் பாதத்தை மேலே தள்ளிப் பார்ப்பார்கள். மடக்கும்போது பாதம் மேலே வந்து, நீட்டும்போது வராவிட்டால் இறுக்கம் காஸ்ட்ரோக்னீமியஸில் மட்டும்தான். அப்போது அதன் உறையை மட்டும் வெட்டித் தளர்த்தினால் போதும், சோலியஸைத் தொடத் தேவையில்லை.

குதிகால் நாணையே நீளமாக்கினால் சோலியஸும் சேர்ந்து தளர்ந்துவிடும். நிற்கும்போது கணுக்காலுக்கு மேல் கால் முன்னால் சாயாமல் இழுத்துப் பிடிப்பது அந்தத் தசைதான். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது அளவுக்கு மீறித் தளர்ந்தால், குதிகால் ஊன்றினாலும் முழங்கால் மடிந்து, குந்தியபடியே நடக்கத் தொடங்கும். அதைத் திருத்துவது நுனிக்கால் நடையைத் திருத்துவதைவிட எவ்வளவோ கடினம். "எந்தத் தசையை, எந்த இடத்தில் தளர்த்தப் போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். தொடைத் தசையும் இடுப்பும் இறுகியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்வது நல்லதா என்றும் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளையை மயக்கி வெட்டுவதை எந்தத் தாயும் தாங்க மாட்டாள்.

5 வயதில் அவசரப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். சிறு வயதில் செய்தால், எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் மறுபடி இறுகும் வாய்ப்பு அதிகம். தசை இறுக்கத்தைச் சில மாதங்களுக்குக் குறைக்கும் பொட்டுலினம் ஊசி, பாதத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் போடும் பிளாஸ்டர், பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கும் கணுக்கால் பட்டை இவற்றால் சில வருடங்கள் கடத்தலாம். நம் வெயிலில் பட்டைக்குள் வியர்த்துப் புண் வரும். உள்ளே நீளமான பருத்திக் காலுறை போட்டு, கழற்றும்போதெல்லாம் தோலைப் பாருங்கள்.

சத்திரசிகிச்சை மூளையிலிருந்து வரும் இறுக்கத்தை மாற்றாது. 4 முதல் 6 வாரம் பிளாஸ்டர், பிறகு பட்டை, தினமும் பயிற்சி. பிளாஸ்டர் கழற்றியதும் என் மகள் முன்பைவிடப் பலமிழந்து போனாள், பார்த்து அழுதுவிட்டேன். அது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று இயன்மருத்துவர் சொன்னார். பலம் திரும்பிவர ஒரு வருடம்வரை ஆகலாம். திருகோணமலையிலேயே ஒழுங்காகப் பயிற்சிக்குப் போக வழிசெய்த பிறகுதான் கொழும்பிலோ பேராதனையிலோ சத்திரசிகிச்சைக்குத் திகதி கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது அவன் நடப்பதைத் தொலைபேசியில் வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். கட்டைக் காற்சட்டை போட்டு, முழங்கால் தெரியும்படி, பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் எடுங்கள். விளையாடிக் களைத்த மாலை நேரத்தில் எடுத்தால் அவனுடைய உண்மையான நடை தெரியும்.