அச்சமும் மருந்தும்

கேள்வி: அச்சமுறும் விலங்கின் மூளையில் என்ன வேதி மாற்றங்கள் நிகழ்கின்றன? பதற்றம் தணிக்கும் மருந்துகள் அந்த அச்சத்தைக் குறைக்கின்றனவா, அல்லது விலங்கை மயக்கி மட்டும் வைக்கின்றனவா?

பதில்: பாலூட்டிகளின் மூளையில் அபாயத்தை எடைபோடுவதில் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அது தூண்டப்பட்டதும் மூளைத்தண்டிலிருந்து பரவும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் விழிப்பைக் கூர்மையாக்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினல் சுரப்பி ஆகியவை அடுத்தடுத்து இயங்க, நாயின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் எலியின் ரத்தத்தில் அதற்கு இணையான கார்டிகோஸ்டிரோனும் உயர்கின்றன. இந்தக் கிளர்ச்சி எல்லை மீறாமல் அடக்கிவைப்பது காபா என்ற வேதிப்பொருள். அது நரம்பணுவின் மேற்பரப்பில் தனக்குரிய ஏற்பி என்ற புரதத்தில் பொருந்தும்போது குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் புகுந்து அதை அமைதிப்படுத்துகின்றன.

டயசிபாம் முதலிய பென்சோடயசிபைன்கள் என்ற பதற்றத் தணிப்பு மருந்துகள் அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் பொருந்தி, காபா வரும்போது அயனி வாயில் அடிக்கடி திறக்குமாறு செய்கின்றன. மூளை தானே வைத்திருக்கும் தடையைத்தான் இம்மருந்து வலுப்படுத்துகிறது. புதிதாக எதையும் புகுத்துவதில்லை.

மயக்கம் பற்றிய தங்கள் ஐயம் மிக நியாயமானது. இந்த ஏற்பியின் உறுப்புகளுள் ஒன்றான ஆல்பா-1 என்ற துணையலகு மருந்துக்கு வசப்படாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு டயசிபாம் கொடுத்தபோது, மந்தநிலை ஏற்படவில்லை. ஆனால் பதற்றம் தணிந்தது. பதற்றத் தணிவுக்கு ஆல்பா-2 துணையலகே முக்கியமானது என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆகவே இரண்டும் ஒரே மருந்தின் தனித்தனி விளைவுகள்.

என்னை மிகவும் வியக்கவைப்பது, இறாலுக்கு உறவான கிரேஃபிஷ் என்ற நன்னீர் உயிரியைக் கொண்டு பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு. மின்புலத்தால் அலைக்கழிக்கப்பட்ட கிரேஃபிஷ், வெளிச்சமான பாதைகளைத் தவிர்த்து இருளிலேயே ஒதுங்கியது. அதன் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் உயர்ந்திருந்தது. குளோர்டயசிபாக்சைடு என்ற பென்சோடயசிபைனைச் செலுத்தியதும் அந்தத் தயக்கம் நீங்கியது. முதுகெலும்பற்ற உயிரியிடமும் இது பலித்ததால், பதற்றத்தின் வேதியியல் மிகத் தொன்மையானது என்று கருத இடமிருக்கிறது.

எல்லா மருந்துகளும் இப்படிச் செயல்படுவதில்லை. அசிப்ரோமசின் என்ற கால்நடை மயக்க மருந்து, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தடுத்து நாயை அசையாமல் கிடத்துமே ஒழிய, அச்சத்தைத் தணிக்கும் என்று நம்ப இயலாது. வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்க்கு அதை மட்டும் கொடுப்பது, ஓட முடியாத நிலையில் அதைப் பயத்துடன் விட்டுவைப்பதாகிவிடக்கூடும்.