பொடுகு ஷாம்பு: நுரை வந்ததும் அலசிவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகப் பொடுகு. கறுப்பு நிறத்தில் எதையும் உடுத்த முடியவில்லை. மூக்கோரமும் புருவமும் சிவந்து செதில் உதிர்கிறது. மெடிக்கலில் கீட்டோகோனசோல் ஷாம்பு கொடுத்தார்கள். நான்கு தடவை போட்டேன். நன்றாக நுரை வந்ததும் அலசிவிடுவேன். பொடுகு குறையவில்லை, முடிதான் கையோடு வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். தலை காய்வதால்தான் பொடுகு, எண்ணெய் வை என்கிறார் மாமியார். பஞ்சு பட்டுத்தான் வருகிறது என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். இந்த ஷாம்புவைத் தொடரலாமா? என் 7 வயது மகனுக்குத் தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி கொட்டி, அந்த இடம் செதிலாக இருக்கிறது. அவனுக்கும் இதையே போடலாமா?

பதில்: நீங்கள் தொடரலாம். மகனுக்கு இது போதாது. அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதை விட்டுவிடாமல் படியுங்கள்.

நீங்கள் வாங்கியது நல்ல மருந்துதான். நுரை வந்ததும் அலசிவிட்டதால் அது வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை. ஈரோட்டிலிருந்தும் கோபியிலிருந்தும் வந்து "எல்லா ஷாம்பும் போட்டுப் பாத்துட்டனுங்க, ஒண்ணும் கேக்கலைங்க" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தலையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. சாதாரண ஷாம்பு அழுக்கு எடுக்க. நுரைத்தால் அதன் வேலை முடிந்தது. இது நுரைக்குள் கரைத்து வைத்திருக்கும் மருந்து. தலைத் தோலில் படிந்து ஊற வேண்டும்.

எதை எதிர்த்து ஊற வேண்டும் என்று கொஞ்சம் சொல்கிறேன். மலசீசியா என்று ஒரு பூஞ்சை. என் தலையிலும் இருக்கிறது, உங்கள் மாமியார் தலையிலும் இருக்கிறது. மனிதத் தோலில் குடியிருப்பது அதன் இயல்பு. தனக்கு வேண்டிய கொழுப்பை அதனால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத்தான் உடைத்துத் தின்கிறது. அப்படி உடைக்கும்போது ஒலியிக் அமிலம் போன்ற சில அமிலங்கள் மிச்சமாகத் தோலிலேயே தங்கிவிடும். சிலருடைய தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். உங்களைப் போன்ற சிலருக்கு அது அரிப்பாகி, தோல் அவசர அவசரமாக உரிய ஆரம்பிக்கும். உரிவதுதான் பொடுகு. கூடவே மூக்கோரமும் புருவமும் சிவந்து செதிலாவதால், உங்களுக்கு இருப்பது பொடுகின் கொஞ்சம் முற்றிய வடிவம் என்று நினைக்கிறேன். செபோரிக் டெர்மடைட்டிஸ் என்போம். எண்ணெய் அதிகம் சுரக்கும் இடங்களைப் பார்த்து அது வரும்.

பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் வேண்டும். நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். கீட்டோகோனசோல் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் பூஞ்சையின் சவ்வு பழுதாகி, அதன் பெருக்கம் அடங்குகிறது. எண்ணிக்கை குறையக் குறைய அரிப்பும் உரிதலும் குறையும். இது ஒரே நாளில் நடக்காது.

சரி, எப்படிப் போடுவது? பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், 2 சதவீதம் என்று இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் போதும். புதன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், இடையில் இரண்டு மூன்று நாள் இருக்கும். தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அதை எடுத்துவிடுங்கள். எண்ணெய்க்கு மேல் மருந்து போட்டால் அது தோலுக்குப் போய்ச் சேராது. அப்புறம் ஈரத் தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியில் ஷாம்புவை எடுத்துத் தோலில் தேயுங்கள். நகத்தால் வேண்டாம். நுனி வரை பின்னலை நனைக்க வேண்டியதில்லை, மருந்து தோலுக்குத்தான். காதுக்குப் பின்னாலும் பிடரி ஓரத்திலும் மறக்காமல் தேயுங்கள், அங்கேதான் பலருக்கும் விட்டுப்போகிறது. தேய்த்த பிறகு ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். குறைந்தது மூன்று. குளியலறையில் கண்ணை மூடி நிற்கும்போது ஒரு நிமிடமே நீளமாகத் தோன்றும், மனக்கணக்கை நம்ப வேண்டாம். கதவுக்கு வெளியே செல்போனில் அலாரம் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

இப்படி நான்கு வாரம். இரண்டாவது வாரத்திலேயே அரிப்பு குறைவது தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். நான்கு வாரம் முடிந்த பிறகு வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தொடர வேண்டியிருக்கும். அந்தப் பூஞ்சையை ஒரேயடியாகத் துரத்த முடியாது, அடக்கித்தான் வைக்க முடியும். மார்கழி, தை மாதங்களில் பனியும் வறண்ட காற்றும் வரும்போது மறுபடி கொஞ்சம் தலைகாட்டும். அப்போது வாரம் இரண்டாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

முடி கொட்டும் பயத்துக்கு வருகிறேன். இந்த ஷாம்புவால் பொதுவாக முடி கொட்டாது. யாருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழக்கம். வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்கு ஊற்றுபவர்களுக்கு, ஏற்கெனவே வேரை விட்டுக் கழன்று கூந்தலில் சிக்கியிருந்த முடியெல்லாம் அன்றைக்குச் சேர்ந்து கையில் வரும். பார்த்தால் பகீரென்றுதான் இருக்கும். பொடுகு முற்றிய தலையில் சொறிவதாலும் அழற்சியாலும் கொஞ்சம் கூடுதலாகவே உதிரும். அதற்கும் தீர்வு பொடுகை அடக்குவதுதான். இரண்டு மாதம் கழித்தும் கொத்துக் கொத்தாக வந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். டெங்கு, சிக்குன்குனியா மாதிரிக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் அப்படிக் கொட்டும். ஷாம்புவால் சிலருக்குத் தலை வறண்டு முடி சொரசொரப்பாகலாம். முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் கண்டிஷனர் தடவினால் சரியாகிவிடும். தலை எரிந்து சிவந்தாலோ சீழ்க்கொப்புளம் வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மாமியார் சொல்வதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. காங்கேயம் செக்கெண்ணெயும் அரப்பும் போட்டு வளர்ந்த தலைகள் நம் பக்கத்துத் தலைகள். தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பூஞ்சை தின்பதே கொழுப்பைத்தான். பொடுகுள்ள தோலில் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் அதற்குத் தீனி போடுவதாக ஆகிவிடும். செதில் எண்ணெயில் நனைந்து தலையோடு ஒட்டிக்கொள்வதால் ஒரு நாள் பொடுகு போய்விட்ட மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதனால் இந்த நான்கு வாரமும் தலைத் தோலில் எண்ணெய் வேண்டாம். வேண்டுமானால் முடியின் நுனிப்பாகத்தில் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். அரப்பு பிடிக்குமென்றால் மருந்து போடாத நாளில் போடலாம், நன்றாக அலச வேண்டும். எலுமிச்சைச் சாறு, சின்ன வெங்காயச் சாறு இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே புண்பட்ட தோல், இன்னும் எரியும்.

பஞ்சுக்கும் பொடுகுக்கும் சம்பந்தமில்லை. தலையில் படிவதை ஒரு கறுப்புத் துணியில் உதறிப் பாருங்கள். பஞ்சு நூல் நூலாக இருக்கும், பொடுகு தவிடு மாதிரி இருக்கும். அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயும் இது இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூக்கோரத்துக்கு யாராவது டியூப் மருந்து கொடுத்தால், அதில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தையும் இதையும் சேர்த்து அடைத்த டியூப்கள் கடைகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கின்றன. மூன்றே நாளில் சிவப்பு மறையும், அதனால்தான் விட மனம் வராது. மாதக்கணக்கில் தடவி, முகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய் வெளியே தெரிய வந்து நிற்கும் பெண்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். தயவுசெய்து முகத்துக்கு எதையும் நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம். அதேபோல் கீட்டோகோனசோலை மாத்திரையாக விழுங்கக் கூடாது. ஷாம்புவாகப் போடும்போது மருந்து ரத்தத்தில் சேர்வதில்லை என்றே சொல்லலாம். மாத்திரை அப்படியில்லை, கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. 2013-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மாத்திரை விஷயத்தில் கடுமையாக எச்சரித்த காரணம் இதுதான்.

இதே பூஞ்சைதான் தேமலுக்கும் காரணம். தேமல் உள்ள தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பாயசத்தில் சேமியாவும் ஜவ்வரிசியும் கலந்து கிடப்பது போலவே தெரியும். உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சிலும் முதுகிலும் தேமல் இருந்தால் சொல்லுங்கள், இந்த ஷாம்புவே அதற்கும் உதவும். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும்.

நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லையென்றால், செலினியம் சல்ஃபைடு, சிக்ளோபிராக்ஸ் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன் ஒரு தோல் மருத்துவர் தலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செதில் வெள்ளி மாதிரித் தடித்து, நெற்றி வரை இறங்கி, முழங்கை முழங்காலிலும் இருந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம்.

இப்போது மகன். குழந்தைக்கு ஒரே இடத்தில் வட்டமாக முடி உதிர்ந்து, அந்த இடம் செதிலாகவும் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது படர்தாமரை. பொடுகுப் பூஞ்சை வேறு, இது வேறு. இது முடிக்குள்ளேயே புகுந்து முறித்துவிடும். ஷாம்பு அங்கே எட்டாது. கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் மருந்தை, எடைக்குத் தகுந்த அளவில், பல வாரம் உள்ளுக்குக் கொடுத்தால்தான் போகும். தாமதித்தால் சீழ் பிடித்துத் தழும்பாகி, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். செதிலே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியம் வேறு. படர்தாமரை மற்றக் குழந்தைகளுக்கு ஒட்டும் என்பதால் அவனுடைய சீப்பு, துண்டு, தலையணையைத் தனியாக வையுங்கள். வீட்டில் மற்றக் குழந்தைகளின் தலையையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். இந்த வாரத்திலேயே திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், காலையிலேயே போவது நல்லது. அன்றைக்கு அவன் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். முறிந்த முடியையும் செதிலையும் எடுத்துப் பரிசோதிக்க அதுதான் வசதி.