மீனாட்சிகள் எழுதியவை, மீனாட்சிகளைப் பற்றியவை

கேள்வி: ஒரே பெயருள்ள பெண்கள் எழுதிய புத்தகங்கள், அந்தப் பெயருள்ள பெண்களைப் பற்றிய புத்தகங்கள் இவற்றை மட்டும் தேடிப் படிப்பதென்றால் எந்தப் பெயரை எடுத்துக்கொள்வீர்கள்? எதையெல்லாம் படிக்கலாம்?

மீனாட்சி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. என் பெயரும் அதுதான் என்பதால் கொஞ்சம் சொந்தக் கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பெயர் என்பது புதிதாக வைப்பதல்ல, மேலிருந்து இறங்கி வருவது. தலைச்சன் பெண்ணுக்கு அப்பத்தா பெயர், அடுத்தவளுக்கு ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவள் பெயர். அப்பத்தாவுக்கு மகன்கள் மூன்று பேர் என்றால் மூன்று வீட்டிலும் ஒரு மீனாட்சி இருப்பாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அதனால் ஆத்தா (என் அம்மா) என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கு மீனாள், பெரிய மீனா, சின்ன மீனா, கண்டனூர் மீனா. சீர்ப் பாத்திரங்களில் பித்தளை அண்டாவிலிருந்து எவர்சில்வர் தூக்கு வரை பெயர் வெட்டியிருக்கும். எந்த மீனாட்சியின் தூக்கு என்று தெரிய வேண்டுமானால் முன்னால் இருக்கும் விலாசத்தை, அதாவது குடும்பத் தலைப்பெழுத்துகளைப் பார்க்க வேண்டும்.

புத்தக அலமாரியிலும் இதே கதைதான். எஸ். மீனாட்சி அம்மாள் வேறு, சி. மீனாட்சி வேறு, இரா. மீனாட்சி வேறு. தலைப்பெழுத்தை விட்டுவிட்டு இணையத்தில் தேடினால் சாம்பார்ப் பொடியும் பல்லவர் கல்வெட்டும் ஒன்றாகக் கலந்து வந்து நிற்கும். நான் அப்படித் தேடப்போய்த்தான் இதில் பாதி மீனாட்சிகளைக் கண்டுபிடித்தேன்.

எல்லோருக்கும் தெரிந்தவரிடமிருந்தே தொடங்குகிறேன். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் முதல் பாகம் வந்தது, பிறகு இன்னும் இரண்டு பாகங்கள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுக்காரர்கள் அது எப்படிச் செய்வது, இது எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்க, எல்லாவற்றையும் எழுதிப் புத்தகமாகப் போடலாமே என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னாராம். அப்போது சமையல் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்பதே சந்தேகம். பெண் சமையலை அம்மாவிடமும் மாமியாரிடமும்தான் கற்றுக்கொள்வாள் என்று இருந்த காலம். ஆனால் குடும்பங்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் பிறகு கடல் தாண்டியும் போகத் தொடங்கியதும், பக்கத்தில் இல்லாத மாமியாரின் வேலையை இந்தப் புத்தகம் பார்த்தது.

அது பிராமண வீட்டுச் சைவச் சமையல். அது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், ஆத்தாவுக்கு வந்த சீர்ச் சாமான்களோடு வந்தது. வீட்டின் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கும் அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தால் ஆத்தா பென்சிலால் சண்டை போட்டிருப்பது தெரியும். ஒரு கூட்டுக்குப் பக்கத்தில் 'பூண்டு 4 பல்'. ஒரு குழம்புக்குப் பக்கத்தில் 'சோம்பு, சின்ன வெங்காயம்'. பெருங்காயம் வருகிற இடத்தில் சில பக்கங்களில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆழாக்கு, படி என்று இருக்கும் அளவுகளுக்குப் பக்கத்தில் தம்ளர் கணக்கு. மீனாட்சி அம்மாள் எதையும் 'தேவையான அளவு' என்று தள்ளிவிடுகிறவர் இல்லை, அளவு சொல்லித்தான் நகர்வார். அப்படிக் கறாராகச் சொல்வதால்தான் வேறு சமையல்காரர்கள் அவரோடு வாதாட முடிகிறது. மூன்றாம் பாகத்தை நிறையப் பேர் வாங்குவதில்லை. பண்டிகை, கல்யாணம், மற்ற சடங்குகளுக்கான சமையல் அதில்தான் இருக்கிறது. ஒரு காலத்து வீடு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு மற்ற இரண்டை விட அதுதான் நல்ல புத்தகம்.

எங்கள் ஊர்ச் சமையலை எழுதியவரும் ஒரு மீனாட்சிதான். காரைக்குடியில் 'தி பங்களா' என்ற தங்கும் விடுதியை நடத்தும் மீனாட்சி மெய்யப்பன், சுமீத் நாயரோடு சேர்ந்து எழுதிய 'தி பங்களா டேபிள்' ஆங்கிலத்தில் இருக்கிறது. மேசை மேல் விரித்து வைத்துப் பார்க்கிற கனமான புத்தகம். அடுப்படிக்குக் கொண்டுபோக மனசு வராது. ஊர் ஊராகச் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிக்கொண்டு மிளகாயை அள்ளிக் கொட்டுகிறவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நல்லது. இதே மீனாட்சி மெய்யப்பன், எஸ். முத்தையா, விசாலாட்சி ராமசாமி ஆகியோரோடு சேர்ந்து செய்த 'தி செட்டியார் ஹெரிடேஜ்' 2000-இல் வந்தது. வீடுகள், நகைகள், கல்யாணம், வட்டித் தொழில், கோயில் எல்லாம் படங்களோடு இருக்கும். எனக்கு இதில் ஒரே வருத்தம், இது தமிழில் இல்லை. எங்கள் அப்பத்தாக்களைப் பற்றிய புத்தகத்தை அப்பத்தாக்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வருபவருக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். கடம்பி (ஆங்கிலத்தில் Cadambi) மீனாட்சி, அதாவது சி. மீனாட்சி. 1905-இல் பிறந்தவர். சமையல் புத்தக மீனாட்சி அம்மாளும் அதே வருடம்தான் பிறந்தார். சி. மீனாட்சி 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். வழிகாட்டி வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. அந்த ஆய்வு 1938-இல் 'அட்மினிஸ்ட்ரேஷன் அண்ட் சோஷியல் லைஃப் அண்டர் தி பல்லவாஸ்' என்று புத்தகமானது. பல்லவர் காலத்து ஆட்சி, வரி, நீர்ப்பாசனம், கல்வி, இசை, கூத்து என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கல்வெட்டையும் செப்பேட்டையும் வைத்துப் பேசுகிற புத்தகம். ராஜாக்கள் யாரை ஜெயித்தார்கள் என்பதோடு முடித்துக்கொள்ளாமல் ஊரில் சனங்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு நூல். காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், திருச்சுற்று முழுக்க மேல்வரிசை, கீழ்வரிசை என்று புடைப்புச் சிற்பங்கள். முடிசூட்டு, போர், குதிரை, யானை, யாரோ யாருக்கோ எதையோ கொடுக்கிறார்கள். சும்மா பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சி. மீனாட்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பல்லவ வம்சத்தின் கதையாகப் படித்துக் காட்டினார். சுவரிலேயே கல்வெட்டும் இருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்த பிறகு, மாத்திரரும் (அமைச்சர்கள்) மூலப்பிரகிருதிகளும் (குடிமக்கள்) கடிகையாரும் (கல்விச்சாலையார்) கூடி, பல்லவர் கிளை வம்சத்து இரணியவர்மனிடம் போய் ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் தம் பிள்ளைகளைக் கூப்பிட்டு யார் போகிறீர்கள் என்று கேட்கிறார். மூத்தவர்கள் மாட்டேன் என்கிறார்கள். கடைசிப் பையன், 12 வயது, நான் போகிறேன் என்கிறான். காடும் மலையும் ஆறும் தாண்டிக் காஞ்சிக்கு வந்து நந்திவர்மன் என்று முடிசூடிக்கொள்கிறான். அந்தக் கோயிலைக் கட்டியவனும் அவன்தான்.

பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, எங்கள் சமூகத்தில் இன்றைக்கும் நடக்கிற விஷயம். எந்தப் பிள்ளையைக் கேட்பது, யார் கொடுப்பார்கள், பெற்றவள் மனசு என்ன பாடுபடும் என்று ஐயா (தாத்தா) காலத்துப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, ஒரு ராஜ்யமே பிள்ளை கூட்டப் புறப்பட்டுப் போன கதை அந்நியமாக இல்லை. புத்தகத்தோடு கோயிலுக்குப் போங்கள். கையில் புத்தகம் இல்லாமல் போனால் தூண்களைப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள்.

இந்த நூல் தொல்லியல் துறையின் நினைவேடுகள் வரிசையில் 63-ஆவதாக 1941-இல் வந்தது. அதை அச்சில் பார்க்க அவர் இல்லை. 1940 மார்ச்சில், 34 வயதில் இறந்துவிட்டார். இரண்டே புத்தகங்களால் பல்லவர் வரலாற்றில் யாரும் தாண்டிப் போக முடியாத இடத்தில் இருக்கிறார், ஆனால் அவர் பெயரைச் சொன்னால் வரலாறு படித்தவர்களில்கூடப் பாதிப் பேர் 'எந்த மீனாட்சி?' என்கிறார்கள்.

கவிதைக்கு இரா. மீனாட்சி. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' பத்திரிகை வழியாக வந்த கவிஞர். 'நெருஞ்சி' 1970-இல் வந்தது, பிறகு 'சுடுபூக்கள்', 'தீபாவளிப் பகல்'. ஆரோவில்லில் வாழ்ந்து அங்கே கிராமத்துப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தவர். பெண் கவிஞர்கள் என்ற பெரிய பேச்சு தமிழில் 2000-ஐ ஒட்டித்தான் எழுந்தது. அதற்கு 30 வருடம் முன்பே, புதுக்கவிதை என்றால் ஆண்கள் கூட்டம் என்று இருந்தபோது இவர் எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் போடாத கவிதைகள். சில இடங்களில் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனாலும் திரும்பத் திரும்ப எடுக்கிற புத்தகங்கள்.

சரி, எழுதியவர்கள் இவர்கள். எழுதப்பட்டவர்கள் என்று பார்த்தால் முதலில் மதுரைக்காரிதான். குமரகுருபரரின் 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்' 17-ஆம் நூற்றாண்டு. திருமலை நாயக்கர் சபையில் அரங்கேறியபோது அம்மனே சிறுமியாக வந்து நாயக்கர் மடியில் உட்கார்ந்து கேட்டு, முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டுவிட்டு மறைந்தாள் என்பார்கள். வருகைப் பருவத்தில் 'தொடுக்கும் கடவுட் பழம்பாடல் தொடையின் பயனே' என்று தொடங்கும் பாட்டு வருகிறபோதுதான் அது நடந்ததாம். நடந்ததோ இல்லையோ, அந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் யாராவது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் ஐயா வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களை எழுத்து எழுத்தாகச் சொல்ல வைப்பார். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தது அப்போது தண்டனையாக இருந்தது. இப்போது என் காசில் உரையோடு வாங்கி வைத்திருக்கிறேன். அதே அம்மன் படையெடுத்துப் போகிற பாண்டிய அரசியாக வேண்டுமென்றால் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டியார் பகுதியைப் படியுங்கள்.

இன்னொரு மீனாட்சி, ராணி மீனாட்சி. மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி ஆட்சியாளர். கணவர் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் இறந்தபின் ஒரு பையனைத் தத்தெடுத்து அவன் பெயரில் திருச்சியிலிருந்து 1730-களில் ஆண்டார். இங்கேயும் தத்துதான் பாருங்கள். பங்காளிச் சண்டைக்கு நடுவே ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப்பை நம்பி, குரான் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். துணியில் சுற்றி வைத்திருந்தது குரானே இல்லை, வெறும் செங்கல் என்று ஒரு கதை உண்டு. கோட்டை போனது, ராணி விஷம் குடித்து இறந்தார். 1924-இல் வந்த ஆர். சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாற்றில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. அதே வம்சத்து ராணி மங்கம்மாளுக்குக் கிடைத்த பாட்டும் கதையும் மீனாட்சிக்குக் கிடைக்கவில்லை. ஜெயித்தவளுக்குச் சாலையும் சத்திரமும் உண்டு, தோற்றவளுக்கு ஒரு அத்தியாயம்தான் போல.

வடக்கே போனால் மீனாட்சி முகர்ஜி. இந்திய நாவல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய விமர்சகர். 'தி பெரிஷபிள் எம்பயர்' புத்தகத்துக்கு 2003-இல் சாகித்திய அகாதெமி விருது. இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது ஏன் தம்மை இந்தியர் என்று அடிக்கடி நிரூபிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்பது எனக்கு மிகவும் பிடிக்கும். மொழியியல் ஆர்வம் இருந்தால் கே. மீனாட்சியின் 'தொல்காப்பியம் அண்ட் அஷ்டாத்யாயி' (பின்னது பாணினியின் வடமொழி இலக்கணம்) இருக்கிறது, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. பொழுதுபோக்குக்குப் படிக்க ஆகாது, சொல்லிவிட்டேன்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் சேர்க்கலாமே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். உ.வே.சா. எழுதிய அவர் சரித்திரம் அருமையான புத்தகம்தான், ஆனால் கேள்வி பெண்களைப் பற்றியது. மதுரை மீனாட்சி புத்தக நிலையமும் கணக்கில் வராது, ஜெயகாந்தனை அங்கே வாங்கிப் படித்த நன்றிக்காக மட்டும் பெயரைச் சொல்கிறேன்.

எங்கே கிடைக்கும் என்றால், 'சமைத்துப் பார்' இன்றும் புது அச்சில் கிடைக்கிறது, பிள்ளைத்தமிழுக்குப் பல உரைப் பதிப்புகள் உண்டு. பழைய பதிப்புகளைப் பார்க்க நினைத்தால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதன் மூலச் சேகரிப்பு எங்கள் கோட்டையூரில் ஒரு வீட்டில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தது. 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, நல்லவேளையாகச் சென்னையிலேயே வைத்தார்கள். போகும்போது தலைப்பெழுத்தோடு எழுதிக்கொண்டு போங்கள்.

'சமைத்துப் பார்' மூன்றாம் பாகத்தின் பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பிரதியில் கல்யாணச் சமையல் பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்தேகம் சின்ன மீனா மேல்தான்.