டிக்கன்ஸுக்கு ஒரு மாலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பெயரில் நடக்கும் விழாக்கள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். உயரத் தொப்பி, குடைப் பாவாடை, ஊர்வலம், கேக் கடை. நாள் முழுக்கச் சுற்றியும் அவர் எழுதிய ஒரு பக்கம்கூடக் காதில் விழவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் டிசம்பரில் ஒரு மாலையை அவருக்கென ஒதுக்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது பேர் வரலாம். வேடம் போடச் சொல்கிறார்கள். அது அவரை மலினப்படுத்தாதா? வேறென்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

வேடத்தின் மேல் கோபம் வேண்டாம். உங்கள் கென்ட் கடற்கரையில் உள்ள பிராட்ஸ்டேர்ஸ் ஊருக்கு டிக்கன்ஸ் முதன்முதலில் வந்து நூறாண்டு ஆனதை ஒட்டி, 1937இல் அங்கே அவருடைய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலை நாடகமாகப் போட்டார்கள். இன்றுள்ள விழாவின் தொடக்கம் அதுதான். நாடகத்துக்குக் கூட்டம் சேர்க்கவே ஊர்க்காரர்கள் விக்டோரியா காலத்து உடையில் தெருவில் நடந்தார்கள். உடை அன்று அழைப்பிதழ். அழைப்பிதழ் இருந்து பந்தி இல்லாவிட்டால்தான் உங்களுக்கு வந்த ஏமாற்றம் வரும்.

தனக்கு நினைவுச்சின்னம் எதுவும் எழுப்பக் கூடாது, அச்சான என் நூல்களே போதும் என்று டிக்கன்ஸ் உயிலில் எழுதிவைத்தார். ஆகவே வாசியுங்கள், உரக்க. அதற்கான வழியையும் அவரே செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் நன்கொடைக்காக, ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனின் கதையான தன் ‘கிறிஸ்மஸ் கரோல்’ குறுநாவலை வாசித்தார். 1858இலிருந்து அதுவே அவருக்குத் தொழிலாகவும் ஆனது. 1870 மார்ச் 15இல் லண்டனில் கடைசி வாசிப்பு. ஜூன் 9இல் இறந்தார். இடையில் நானூறுக்கும் மேற்பட்ட மேடைகள்.

உங்கள் வேலை கத்தரிக்கோலில் தொடங்குகிறது. ‘கரோல்’ ஏறத்தாழ 28,000 சொற்கள். நிமிடத்துக்கு 140 முதல் 150 சொல் என்று வைத்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். பர்மிங்காமில் அவருக்கே அவ்வளவு ஆனது. பிறகு வெட்டி வெட்டி ஒன்றரை மணிக்குள் கொண்டுவந்தார். புத்தகத்தின் சிறிய பக்கங்களைப் பிரித்து, பெரிய வெற்றுத் தாள்களில் பதித்துக் கட்டிக்கொண்டார். அகன்ற ஓரங்களில் எந்தக் குரல், எங்கே என்று தனக்கே குறிப்புகள். அந்தப் பிரதி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

அவர் எதை வெட்டினார் என்பதுதான் பாடம். ‘என்றான் ஸ்க்ரூஜ்’ போன்றவை முதலில் போயின. குரல் மாறினாலே யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பாவனையில் காட்ட முடிந்த வருணனைகளும் போயின. அறியாமை, இல்லாமை என்று இரண்டு குழந்தைகள் ஸ்க்ரூஜிடம் வரும் ஆவி ஒன்றின் அங்கிக்குள்ளிருந்து வெளிவரும் பகுதியையும் அவர் மேடையில் விட்டுவிட்டார். அதை நீங்கள் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பேன். 1843இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்து, துண்டுப்பிரசுரம் எழுத நினைத்தவர், அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதையை எழுதினார். கதையின் விதை அந்த இரண்டு குழந்தைகள்தான்.

நூலகத்துக்கு 45 நிமிடம், பத்து நிமிட இடைவேளை, பிறகு 25 நிமிடம் போதும். முதல் பகுதிக்கு ‘கரோல்’ 6,300 சொற்களுக்குள். இரண்டாவதற்கு ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் 34ஆம் அத்தியாயமான வழக்கு விசாரணை. வறுத்த இறைச்சியும் தக்காளி சாஸும் கேட்டு பிக்விக் எழுதிய சீட்டைக் காதல் கடிதமாக்கி வக்கீல் வாதாடும் இடத்தில் அரங்கம் உருண்டு சிரிக்கும். அவருடைய கடைசி மேடையிலும் இந்த இரண்டும்தான். அழவைத்துவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பாத வரிசை அது.

‘ஆலிவர் ட்விஸ்ட்’ வேண்டும் என்று யாராவது கேட்டால் 1867 பதிப்பிலிருந்து எடுங்கள். அதில் வரும் திருட்டுக் கும்பல் தலைவன் ஃபேகினை ஓயாமல் ‘யூதன்’ என்றே குறிப்பிட்டதை எதிர்த்து எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863இல் அவருக்கு எழுதினார். முதலில் மறுத்து வாதாடிய டிக்கன்ஸ், பின்னால் அந்தச் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். தொங்கு மூக்கு ஒட்டிய ஃபேகின் வேடத்தை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அதே நாவலில் நான்சி என்ற பெண் கொல்லப்படும் காட்சியையும் தொடாதீர்கள். அதை வாசிக்கும்போது அவருடைய நாடித்துடிப்பு வழக்கமான 72இலிருந்து நூறைத் தாண்டியது. 1869 ஏப்ரலில் உடல் சரிந்து, வாசிப்புப் பயணத்தையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

சொற்பொழிவு மேசை வேண்டாம், அது உடம்பின் பாதியை மறைக்கும். டிக்கன்ஸ் தானே வடிவமைத்த மேசை ஒல்லியானது. கைகளும் முழு உருவமும் தெரியும். பின்னால் அடர்நிறத் திரை, முகத்தில் விழும்படி விளக்கு. உங்களுக்கு இரண்டு மேசைவிளக்குகள் போதும், ஆனால் தாளில் நிழல் விழாமல் முன்கூட்டியே பாருங்கள். நாற்பது பேருக்கு மைக் தேவையில்லை. அவர் ஒவ்வோர் அரங்கிலும் மேலாளரைக் கடைசி மூலைகளுக்கு அனுப்பி, பேசிப் பார்ப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூட்டம் வந்தபின் குரல் இன்னும் அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது வேகத்தால். பதற்றத்தில் நிமிடத்துக்கு 180 சொல் ஓடும், நகைச்சுவை முழுதும் நசுங்கும். சிரிப்பு அடங்கும்வரை நிறுத்த, தாளின் ஓரத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் கீச்சுக்குரல் கொடுப்பது அடுத்த தவறு. ஸ்க்ரூஜுக்கும் அவனுடைய குமாஸ்தா கிராட்சிட்டுக்கும் குரல் வேறாக இருந்தால் போதும், மற்றவர்களுக்குத் தொனி மாறினால் போதும். ஒரு புதிய வாசிப்பை மேடையேற்றும் முன் இருநூறு தடவைக்கு மேல் ஒத்திகை பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் பத்து தடவையாவது பாருங்கள், அதில் மூன்று நின்றுகொண்டு.

அன்று மாலை யார் வேண்டுமானாலும் தொப்பி போட்டு வரட்டும், வாசிப்பவர் மட்டும் சாதாரண உடையில் நிற்கட்டும். தொடங்கும் முன் டிக்கன்ஸ் அவையிடம் கேட்டுக்கொண்டதை நீங்களும் கேளுங்கள்: சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள், எனக்குத் தொந்தரவு என்று அடக்காதீர்கள். பிறகு ஒரு மூச்சு விட்டு, ‘கரோல்’ தொடங்கும் வரியான, மார்லி செத்துப்போனான் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.