பூட்டில்லாத பக்கத்து வீட்டு வைஃபையில் ஜிபே போடலாமா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு கிடையாது. டேட்டா தீர்ந்துபோனால் அதில் சேர்ந்துகொள்வேன். அப்பாவின் பேங்க் ஆப், ஜிபே எல்லாம் இதே போனில்தான். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் இதில்தான். ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்:

உண்டு தம்பி, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. வைஃபையில் சேர்ந்த மறு நிமிடமே எவனோ ஒருத்தன் அப்பாவின் கணக்கைத் துடைத்துவிடுவான் என்பது இன்றைக்கு அநேகமாக நடக்காது. உங்களுக்கு முன்னால் அந்த வைஃபை பெட்டிக்குள் (ரவுட்டர்) யார் நுழைந்தான், எதை மாற்றி வைத்துவிட்டுப் போனான் என்று உங்களுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் ஃபைபர் இழுத்துப் பெட்டி மாட்டுகிற வேலை எனக்கு. கேபிள் டிவி காலத்தில் கம்பத்தில் ஏறியவன்தான். அதனால் பூட்டில்லாத வைஃபை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இப்போது வருகிற பெட்டிகள் எல்லாம் பாஸ்வேர்டோடுதான் வருகின்றன, அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். அதை எடுத்துவிடுவது நம் ஆட்கள்தான். பெரியவர் போனில் அந்தப் பாஸ்வேர்டை அடிக்க முடியவில்லை, சிசிடிவி கேமரா சேர மாட்டேன் என்கிறது, கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள், "எடுத்து விட்ருங்க தம்பி, யார் வந்து என்னத்தத் தூக்கிட்டுப் போகப் போறா" என்பார்கள். கீழக்கரைப் பக்கம் வேறு மாதிரி. நீள வீடு, சுவர் தடிமன், கடைசி அறைக்கு சிக்னல் எட்டாது. துபாயிலிருந்து காக்கா, அதாவது அண்ணன், சிக்னலை நீட்டிக்கிற எக்ஸ்டெண்டர் ஒன்று கொண்டு வந்திருப்பார். முன்னறையில் இருக்கிற பெட்டிக்குப் பூட்டு இருக்கும், பின்னறையில் சொருகியிருக்கிற எக்ஸ்டெண்டர் சந்து வரைக்கும் திறந்து கிடக்கும். இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. உப்புக் காற்றில் அடாப்டர் முனை பச்சை பிடித்து, பெட்டி அடிக்கடி அணைந்து எரியும். வீட்டுப் பையன் குண்டூசியை எடுத்து ரீசெட் ஓட்டையில் அழுத்திவிடுவான். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அப்படி அழுத்தினால் வைஃபை பாஸ்வேர்டே இல்லாமல் எழுந்து நிற்கும், உள்ளே போகிற அட்மின் பாஸ்வேர்டும் பழையபடி "அட்மின்" என்றே ஆகிவிடும்.

இந்த இரண்டாவதுதான் விஷயம். வைஃபைக்குப் பூட்டுப் போடாதவர் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி வைத்திருக்கப் போகிறாரா? உள்ளே வந்த எவனும் பிரவுசரில் நாலு எண் தட்டி ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கலாம். திறந்தால் அங்கே டிஎன்எஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் பேங்கின் பெயரைத் தட்டியதும் அது எந்த முகவரியில் இருக்கிறது என்று போன் விசாரிக்கிற இடம் அது. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய வெளியூர்க்காரர் அக்னி தீர்த்தம் எங்கே என்று கேட்கும்போது, பதில் சொல்கிறவனை முன்கூட்டியே கையில் போட்டுக்கொண்டால் அவரை எந்தத் தெருவுக்கும் அனுப்பலாம் இல்லையா, அதுதான் இது. ஒரு தடவை அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டு அவன் ஊரைவிட்டே போய்விடலாம், பெட்டி அவன் சொன்ன வழியையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கும்.

கதை விடவில்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற ஒரு வைரஸ் இதையே செய்தது. கம்ப்யூட்டரில் புகுந்து அதன் டிஎன்எஸ்ஸை மாற்றும், பாஸ்வேர்டு மாற்றாத ரவுட்டர் கிடைத்தால் அதையும் மாற்றப் பார்க்கும். 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் அந்தக் கும்பலைப் பிடித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் மாட்டியிருந்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. மாட்டியவர்களுக்கு இணையம் வழக்கம்போல ஓடியது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சரி, பேங்க் ஆப்புக்கு வருவோம். பழைய பயம் ஒன்று இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது, திறந்த வைஃபையில் போனால் பாஸ்வேர்டை அப்படியே காற்றிலிருந்து பிடித்துவிடுவார்கள் என்று. ஒரு காலத்தில் அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு துணை நிரல் வெளியிட்டார். காபி கடையில் உட்கார்ந்து அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருக்கிறவர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் அவராகவே உள்ளே போய்விடலாம், பாஸ்வேர்டே தேவையில்லை. தளங்கள் இவ்வளவு அலட்சியமாக இருக்கின்றன என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். அதற்குப் பிறகு பெரிய தளங்கள் பலவும், போவதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புகிற எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுக்க மாறின. பிறகு 2015 கடைசியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்கான சான்றிதழை, அதாவது இந்தப் பெயருக்குரிய தளம் இதுதான் என்கிற அத்தாட்சியை, இலவசமாகக் கொடுக்க, சின்னத் தளங்களும் மாறின. இப்போது உங்கள் போனுக்கும் பேங்குக்கும் நடுவில் போகிறதை வழியில் இருக்கிறவன் படிக்க முடியாது. ஜிபேயில் நீங்கள் அடிக்கிற யுபிஐ பின், போனிலேயே மறைகுறியாகித்தான் வெளியே போகிறது. தவிர, யுபிஐ உங்கள் சிம்மோடு கட்டப்பட்டது, வேறு போனில் உட்கார்ந்து அதைத் திறப்பது லேசு இல்லை.

அப்படியானால் டிஎன்எஸ்ஸை மாற்றியவன் என்னதான் செய்வான்? பேங்கின் பெயரில் போலிப் பக்கம் வைத்தால் சான்றிதழ் பொருந்தாது, "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று சிவப்பாக ஒரு திரை வரும். அதில் "அட்வான்ஸ்டு" என்பதைத் தட்டி, "பரவாயில்லை, தொடரட்டும்" என்று உள்ளே போகிற ஆட்களை நம்பித்தான் அவன் கடை வைத்திருக்கிறான். அந்தத் திரையைப் பார்த்தால் வைஃபையை அணைத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இன்னொரு வழி, சேர்ந்தவுடன் தானாக எழும்புகிற லாகின் பக்கம். "இலவச வைஃபை, ஆதார் எண் போடவும்", "வீடியோ ஓட இந்த ஆப்பை இறக்கவும்" என்று அதில் எதையும் எழுதலாம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு ஏபிகே (ஆப்) கோப்பை இறக்கி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் ஓடிபி முழுக்க அவன் கையில். அதற்குப் பிறகு எச்டிடிபிஎஸ்ஸும் காப்பாற்றாது. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் வருகிற பூட்டுப் படத்தை நம்பாதீர்கள், போலித் தளக்காரனும் இலவசச் சான்றிதழ் வாங்கிப் பூட்டு மாட்டிக்கொள்கிறான். குரோம் பிரவுசரே 2023இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

அதே வைஃபையில் இருப்பது என்றால் அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் கருவிகளுக்குக் கணக்கு. உச்சிப்புளியில் ஒரு வீட்டில் மத்தியானம் டிவி தானாகப் பாட்டுப் போடுகிறது, பேய் பிடித்திருக்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் பின் வீட்டுப் பையன் இவர்கள் வைஃபையில் யூடியூப் பார்க்கும்போது காஸ்ட் பொத்தானைக் கைதவறித் தொட்டிருக்கிறான். டிவியில் ஓடுவது அவனுக்கே தெரியாது. சிரித்துவிட்டு வந்தோம். ஆனால் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, சேர்ந்திருக்கிற கருவிகளின் பட்டியலைக் காட்டியபோது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் நாலு போன், பட்டியலில் அதைப்போல இரண்டு பங்கு. ரெட்மி, விவோ, ஒரு லேப்டாப். சில போன்கள் உரிமையாளர் பெயரையே மேலே எழுதிக்கொண்டு நின்றன. "இது நம்ம மளிகைக் கடைத் தம்பி பேருல்ல?" என்றார். உங்கள் பெயரும் இப்படி ஒரு பட்டியலில் இருக்கலாம். எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதும், உள்ளே என்ன பார்த்தீர்கள் என்பது தெரியாவிட்டாலும், வெளியே தெரியக்கூடியதுதான். பூட்டில்லாத வைஃபை என்றால் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, தெருவில் லேப்டாப்போடு நிற்கிறவனுக்கும் தெரியும்.

ராமேஸ்வரத்து லாட்ஜுகளில் வரவேற்பு மேசைக்கு மேலே பாஸ்வேர்டை ஒட்டி வைத்திருப்பார்கள். அதையும் பூட்டு என்று எண்ணாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு என்றால், பரவலாக ஓடுகிற டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில், உங்கள் போன் சேருகிற நேரத்தில் காத்திருந்து பிடிக்கிறவனால் அதைத் திறக்க முடியும்.

இன்னொரு பக்கம் சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனால் லைன் கொடுக்கிறவன் என்பதால் இது தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் நுழைவதைத் தவறு என்கிறது, நஷ்ட ஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ ஏமாற்றும் நோக்கத்தோடோ செய்தால் பிரிவு 66, 3 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட. பக்கத்து வீட்டு வைஃபையில் ரீல்ஸ் பார்த்ததற்கு யாரும் உங்களைத் தூக்கப் போவதில்லை. சிக்கல் வேறு எவனாவது தப்பு செய்யும்போதுதான் வரும்.

2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் டிவி சேனல்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது கிளம்பிய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில். அவருடைய வைஃபை திறந்து கிடந்திருக்கிறது. அதே செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. அடுத்த வருஷம் தொலைத்தொடர்புத் துறையே வைஃபையைப் பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஐபி பதிவுகளை 2 வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியும் மாறியது.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கடல் அட்டை, பீடி இலை, கஞ்சா கடத்தல் என்று பேப்பரில் செய்தி வராத வாரம் குறைவு. கியூ பிரிவு, மரைன் போலீஸ், கஸ்டம்ஸ் என்று இத்தனை பேர் கண் வைத்திருக்கிற கரை இது. திறந்து கிடக்கிற ஒரு வைஃபையை எவனோ ஒருத்தன் எதற்கோ பயன்படுத்திவிட்டுப் போனால், விசாரணை முதலில் வீட்டுக்காரரிடம் வரும். அவர் "நான் இல்லை சார்" என்பார். அடுத்தது அந்தப் பட்டியல். அதில் உங்கள் போன் இருந்தால் நீங்களும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டிவரும். கடைசியில் ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்பா கடலுக்குப் போகிற குடும்பத்தில் அதுவே பெரிய அலைச்சல்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இதுதான். பேங்க் ஆப்பைத் திறக்கும் முன் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வாருங்கள். தினசரி டேட்டா தீர்ந்தாலும் பெரும்பாலான பிளான்களில் லைன் சுத்தமாகப் படுத்துவிடாது, மெதுவாக ஓடும், இருப்பைப் பார்க்க அது போதும். நிவாரணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்கு நெட்டே தேவையில்லை, அப்பாவின் பேங்கில் பதிந்த எண்ணிலிருந்து *99# அடித்து யுபிஐ பின் போட்டால் இருப்பு வந்துவிடும், 5,000 ரூபாய் வரை அனுப்பவும் செய்யலாம். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் உள்ள போனில் நெட்வொர்க் செட்டிங்கில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று இருக்கும். அதை "ஆட்டோமேட்டிக்" என்றே விடாமல், நம்பகமான ஒரு டிஎன்எஸ்ஸின் பெயரை நீங்களே எழுதி வைத்தால், ரவுட்டரில் எவன் எதை மாற்றியிருந்தாலும் உங்கள் போன் அவனிடம் வழி கேட்காது. லாட்ஜ் லாகின் பக்கம் சில நேரம் இதனால் முரண்டு பிடிக்கும், அப்போது மட்டும் எடுத்துவிட்டுப் போடுங்கள். போனிலிருந்து போவதையெல்லாம் மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்புகிற விபிஎன்னும் உதவும், ஆனால் இலவச விபிஎன் என்று பெயர் தெரியாத ஒன்றை இறக்குவதற்கு, அந்தத் திறந்த வைஃபையே தேவலை.

இப்போது சேமித்து வைத்திருக்கிற அந்த வைஃபை பெயரை "ஃபர்கெட்" கொடுத்து எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத பெயர் போனில் பதிந்திருந்தால், அதே பெயரில் வேறு எவன் எங்கே ஒரு ஹாட்ஸ்பாட் போட்டாலும் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒருவேளை தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு அதை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

பக்கத்து வீட்டில் நேரே போய்க் கேட்டுவிடுங்கள். "அண்ணே, உங்க வைஃபை திறந்து கிடக்கு, டேட்டா தீந்தா நானும் போட்டுக்கிறேன், கேக்காமப் போடுறது சரியில்ல" என்று சொன்னால் எந்த ஊர்க்காரரும் கோபப்பட மாட்டார். இப்போதைய பெட்டிகளில் கெஸ்ட் வைஃபை என்று தனியாக ஒன்று திறந்து, அதற்குத் தனிப் பாஸ்வேர்டு வைக்கலாம், அவர்கள் வீட்டு டிவியும் கேமராவும் உங்கள் கண்ணில் படாது. கையோடு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள், டிஎன்எஸ் கட்டத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் லைன் கொடுத்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை, இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.