வக்கீலிடம் பெயரைச் சொல்லலாம். ஓடிபி யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: சட்டம்

மணமுறிவு பற்றி வீட்டுக்குத் தெரியாமல் விசாரிக்க வேண்டும், ஆனால் போகிற இடத்தில் அடையாள அட்டை கேட்பார்களே என்ற தயக்கத்தோடு நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை. சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறோம்.

கோத்தகிரி அருகிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஹட்டியில் (கிராமத்தில்) யார் எந்த பஸ்ஸில் ஏறினாலும் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். விவாகரத்து பற்றிக் கேட்க மட்டும் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும். வேறு பெயர் சொல்லிக்கொண்டு போகலாமா? ஆதார் இல்லாமல் பேசுவார்களா?

ஆதார் இல்லாமல் பேசுவார்கள். ஆலோசனை கேட்க வந்தவரிடம் அடையாள அட்டை வாங்கியே தீர வேண்டும் என்று வழக்கறிஞரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. சில அலுவலகங்களில் குமாஸ்தா பழக்கதோஷத்தில் கேட்பார். “இன்றைக்கு ஆலோசனை மட்டும்தான், வழக்குப் போடுவதானால் கொண்டுவருகிறேன்” என்று சொன்னால் போதும். வக்காலத்து, அபிடவிட், மனுத் தாக்கல் என்று காகிதத்தில் கையெழுத்து விழும் கட்டத்தில்தான் அட்டைக்கு வேலை. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் நிச்சயமாகக் கூடாது.

பெயர் விஷயம் வேறு. பொய்ப்பெயர் வேண்டாம். உங்கள் பெயரும் கணவர் பெயரும் அந்த வக்கீலுக்குத் தெரிந்தாக வேண்டும். கோத்தகிரி, குன்னூர் மாதிரி சின்ன ஊர்களில் அதே வக்கீல் உங்கள் கணவரின் தேயிலைத் தோட்டப் பத்திரத்தைப் பார்த்தவராக இருக்கலாம். கணவரே போன மாதம் வந்து இதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன விஷயத்தில் எதிர்த்தரப்புக்காக ஆஜராகக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. பெயரை மாற்றிச் சொன்னால் அவரால் இதைச் சரிபார்க்கவே முடியாது. நகை எந்த லாக்கரில் இருக்கிறது என்பதுவரை நீங்கள் சொல்லி முடித்த பிறகு, நீங்கள் யாரென்று அவருக்கு உறைத்தால் என்ன ஆகும்?

எனவே முதல் போன் பேச்சில் கதையைத் தொடங்காதீர்கள். இருவர் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி, “நீங்கள் எனக்கு ஆலோசனை சொல்ல ஏதாவது தடை இருக்கிறதா?” என்று கேளுங்கள். “வேறு யாரையாவது பாருங்கள்” என்றால் காரணம் கேட்காமல் வைத்துவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் அவர் இன்னொருவரின் ரகசியத்தை உடைத்தவராவார்.

தடை இல்லை என்றால், அதன்பின் நீங்கள் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 132-இன்படி, கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியிடக் கூடாது. வழக்கே போடாமல் நீங்கள் விலகிவிட்டாலும் அந்தக் கடமை தொடரும். குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பவரையும் அதே பிரிவு கட்டும். (சட்டவிரோதமான காரியத்துக்கு வழி கேட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை.) ஆனால் துணைக்கு வரும் தோழியையோ அக்காவையோ அது கட்டாது. நாளைக்கு அவர்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். துணைக்கு வருபவர் வெளியே உட்காரட்டும்.

கட்டணத்தை ரொக்கமாகக் கொடுங்கள். ஜிபே செய்தால் வங்கிக் கணக்கில் பதிவாக நிற்கும். ரசீது வாங்குங்கள், ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வக்கீலின் கோப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அதே வக்கீல் உங்கள் கணவருக்காக வந்து நின்றால், ஆட்சேபிக்க உங்களிடம் தேதியும் பெயரும் உள்ள ஆதாரம் அதுதான். பொய்ப்பெயரில் போனவருக்கு அந்த ரசீதால் பயனில்லை.

அவருடைய அடையாளத்தையும் நீங்கள் கேட்கலாம். மாநில பார் கவுன்சில் பதிவு எண் இல்லாமல் எந்த வழக்கறிஞரும் இல்லை. எண்ணும் ஆண்டும் சேர்ந்து இருக்கும். தயங்குகிறவரிடம் உட்கார வேண்டாம்.

இன்னொன்று, நேரம். வக்கீல்கள் பகலில் கோர்ட்டில் இருப்பார்கள், ஆபீஸ் பெரும்பாலும் மாலையில்தான். மலையில் அந்த நேரம் இருட்டு, கடைசி பஸ் கவலை, “எங்கே போனாய்” என்ற கேள்வி. சனிக்கிழமைக் காலையோ மதிய இடைவேளையோ கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உள்ள வக்கீலையும் பார்க்கலாம். வக்கீல் எந்த ஊர்க்காரர் என்பதற்கும் வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

குன்னூர் வாசகி: ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால் கணவர் போனுக்கு மெசேஜ் போகுமா? என் ஆதாரில் இணைத்திருப்பது அவர் நம்பர்.

ஜெராக்ஸ் கொடுத்தால் போகாது. காகித நகல் யாருடைய கணினியையும் தொடுவதில்லை. ஓடிபி கேட்கும் எதைச் செய்தாலும் போகும். இ-ஆதார் பதிவிறக்கம், டிஜிலாக்கர் திறப்பது, ஆன்லைன் மனுவில் ஆதார் சரிபார்ப்பு எல்லாமே இதில் சேரும். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் நல்லதுதான், ஆனால் அதைப் பதிவிறக்கவும் ஓடிபி வேண்டும். உங்கள் நிலைமையில் அந்த வழி அடைப்பு.

பான் அட்டை இருந்தால் அதைக் காட்டுங்கள். அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மட்டும் இருக்கும். கணவர் பெயரும் இல்லை, வீட்டு முகவரியும் இல்லை. ஆதார் நகல்தான் கொடுக்க வேண்டும் என்றால், எட்டு எண்களைப் பேனாவால் அடித்துவிட்டு, குறுக்கே “சட்ட ஆலோசனைக்காக மட்டும்” என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து முகத்தின் மேல் விழ வேண்டாம். எண்களின் மேலும் முகவரியின் மேலும் ஓடட்டும்.

நம்பரை மாற்றலாமா? ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் மாற்றித் தருவார்கள். இதற்கு ஆவணம் தேவையில்லை, கட்டணம் 75 ரூபாய். ஆனால் உங்கள் ஆதார் ஓடிபியை வைத்து வீட்டு வேலை ஏதாவது கணவர் பார்த்துவந்தால், ஓடிபி வராமல் போன அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். ஆலோசனைக்கு அவசியமில்லாததால் இப்போது அதைத் தொடாமல் விடுவதே எங்கள் யோசனை.

ஜெராக்ஸ் கடை பற்றியும் சொல்லியாக வேண்டும். “வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பிரின்ட் போடறேன்” என்பார்கள். அனுப்பினால் உங்கள் ஆவணமும் நம்பரும் கடைக்காரர் போனில் தங்கிவிடும். அசலைக் கையில் கொண்டுபோய், பக்கத்தில் நின்று நகல் எடுத்து வாங்குங்கள். தெரிந்த கடை வேண்டாம்.

கூடலூர் பக்கம், தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து: ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கணவர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் போவது?

கையில் ஒன்றும் இல்லாமலே முதல் தடவை போங்கள். ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: கல்யாணம் நடந்த தேதி, இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், பிள்ளைகளின் பிறந்த தேதி, இப்போது நீங்கள் இருக்கும் இடம். வழக்கை எந்த ஊரில் போடலாம் என்பது இதிலிருந்துதான் வரும். இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 19-இன்படி மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். இது 2003 திருத்தத்தில் வந்த உரிமை. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை என்றால், விசேஷக் காரணம் காட்டி அனுமதி வாங்காமல் விவாகரத்து மனு எடுக்கமாட்டார்கள் (பிரிவு 14). அதனால் தேதி சரியாக இருக்கட்டும்.

பிறகு ஆவணங்களை ஒவ்வொன்றாக வேறு வழியில் எடுக்கலாம். ஆதாரை மையத்தில் கைரேகை வைத்து அச்செடுத்துக்கொள்ளலாம். கொழுந்து பறிக்கிற கையில் ரேகை தேய்ந்து இயந்திரம் பலமுறை மறுக்கும். “கருவிழி வைத்துப் பாருங்கள்” என்று நீங்களே கேளுங்கள். திருமணம் பதிவாகியிருந்தால் (தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்) சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவாகவில்லை என்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கைகொடுக்கும், தாய் தகப்பன் இருவர் பெயரும் அதில் இருக்கும். அம்மா வீட்டில் கல்யாண போட்டோவும் பத்திரிகையும் ஒரு பிரதியாவது கிடக்கும்.

பெட்டி எப்போதாவது திறந்திருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு அசலை இருந்த இடத்திலேயே வையுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில்தான் உங்கள் அசல்களை எடுக்க வேண்டும்.

அடி, மிரட்டல் இருந்தால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். 181-க்கோ (பெண்கள் உதவி எண்) 112-க்கோ (அவசர உதவி எண்) போன் செய்யுங்கள். அங்கே உதவி கேட்க அட்டை தேவையில்லை.

ஊட்டி வாசகர்: நான் ஆண். மனைவி என் போனைப் பார்ப்பார். வக்கீல் வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்பச் சொல்கிறார்.

அனுப்பாதீர்கள், நேரில் காட்டுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியை மட்டும் அழித்தால் போதாது. போட்டோ கேலரியிலும், குப்பைத்தொட்டி ஃபோல்டரிலும், கூகுள் போட்டோஸிலும் இருக்கும். வாட்ஸ்அப்பில் ‘இணைத்த சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, வீட்டு லேப்டாப் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இ-ஆதார் பிடிஎஃப்-க்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. வீட்டில் யாருக்குத் தெரியாது?

ஊட்டி வாசகி: இலவச சட்ட உதவிக்குப் போனால் வீட்டுக்கு நோட்டீஸ் வருமா? வருமானச் சான்றிதழ் வேண்டுமா?

நீங்கள் என்ன கேட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலருக்கு ரகசியம் உடைவது இங்கேதான்.

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12-இன்படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, எனவே வருமானச் சான்றிதழும் தேவையில்லை. ஆண்களுக்கு வரம்பு உண்டு. பழங்குடியினர், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் போனிலேயே முதல் ஆலோசனை கேட்கலாம். அழைப்புப் பட்டியலில் அந்த எண் நிற்கும் என்பதால் வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.

நேரில் போனால் விண்ணப்பத்தில் பெயர், முகவரி, குறை எல்லாம் எழுதச் சொல்வார்கள், அடையாள நகலும் கேட்கலாம். “கணவருடன் பேசித் தீர்த்து வையுங்கள்” என்ற பொருளில் மனு எழுதிவிட்டால், அது வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குப் போய், கணவருக்கு அழைப்பு போகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இரண்டு பேரையும் கூப்பிடாமல் சமரசம் பேச முடியாதல்லவா? எனவே மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள்: “எனக்குச் சட்ட ஆலோசனை மட்டும் தேவை. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டாம். எனக்குக் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி இது.” அங்கே நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். மகளிர் காவல் நிலையத்துக்கும் இதே கணக்குதான். மனு கொடுத்தால் ரசீது தருவார்கள், பிறகு இருவரையும் விசாரணைக்கு அழைப்பார்கள்.

தனியார் வக்கீலிடமும், வீட்டுக்குத் தபால் அனுப்ப வேண்டாம், எந்த எண்ணில் எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது போனை எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். குமாஸ்தாவின் ஒரு போன் காலில் உடைந்த ரகசியங்கள் உண்டு.

வழக்குத் தாக்கலானால் சம்மன் போயே தீரும். குடும்ப வழக்கைப் பொது ஜனம் இல்லாத மூடிய அறையில் நடத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் நடத்த வழி இல்லை.

கோத்தர் சமூக வாசகி: என்னிடம் வேறு அடையாளம் ஏதாவது கேட்பார்களா?

சாதிச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய, இந்துத் திருமணச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது (பிரிவு 2, உட்பிரிவு 2). தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோருக்கும் இதுதான். உங்கள் வழக்கம் என்ன, அதை யார் சாட்சி சொல்வார் என்பதிலிருந்து ஆலோசனை தொடங்கும். படுகர் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தும்.

அரவங்காடு வாசகர்: இருவர் ஆதாரும் 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரும் கொண்டுவந்தால் நோட்டரியில் ஒரே நாளில் ரகசியமாக விவாகரத்து முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. நோட்டரி சான்றளிப்பது கையெழுத்தை மட்டும்தான். இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. நிரூபிக்கப்பட்ட சமூக வழக்கம் ஒன்றுதான் இதற்கு விலக்கு. இருவரும் சம்மதித்தாலும் பிரிவு 13பி-இன்படி ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பின்தான் மனு. அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரகசியமும் இல்லை, நோட்டரியின் பதிவேட்டில் இருவர் பெயரும் கையெழுத்தும் ஏறிவிடும். அந்தத் தாளை நம்பி ஒருவர் மறுமணம் செய்தால், முதல் திருமணம் அப்படியே இருக்கும். அந்த மறுமணம் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 82-இன் கீழ் ஏழு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.